கூர்மாவின் வேலிக்குள் அரளி

"ஏன்னா! இன்னிக்கும் ஒரு பூ மிச்சமில்லை. இலையைக்கூட உருவிண்டு போயிருக்கா, கடங்காரி!"

பத்மாசனி வெறும் பூக்குடலையோடு திரும்பி வந்தாள். ஹயக்ரீவன் காபி டம்ளரைக் கீழே வைத்தார். ஒரு வாரமாக இதே கதைதான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர்கள் வீட்டுக் கொல்லையில் கம்பி வேலிக்குள் ஓர் ஆமை இருக்கிறது. வெளிநாட்டு ஜாதி, முறைப்படி பதிவு செய்து வாங்கியது. பெயர் கூர்மா. மகன் வேலைக்கு வெளியூர் போன பிறகு இருவருக்கும் அதுதான் பிள்ளை.

வேலிக்குள் நிழலுக்கு என்ன செடி வைக்கலாம் என்று ஹயக்ரீவன் யாரையும் கேட்கவில்லை.

"பெருமாளே கூர்மமா வந்தவர். அவருக்குச் சாத்தற பூச்செடியைவிட இதுக்கு ஒசத்தியா என்ன வேணும்?"

பூத்துக் குலுங்கிய அரளியும் நந்தியாவட்டையும் வந்து இறங்கின. ஆமைக்கு நிழல், பூஜைக்குப் பூ. தன் புத்திசாலித்தனத்தை அவரே இரண்டு நாள் மெச்சிக்கொண்டார். மூன்றாம் நாளிலிருந்து பூக்கள் காணாமல் போயின.

"பக்கத்தாத்து ஷெரின்தான். விடியறதுக்கு முன்னாடி எழுந்திருக்கறவ அவ ஒருத்திதானே? தெருப் பூரா சொல்லிட்டேன்" என்றாள் பத்மாசனி.

ஷெரின் ராஜபாளையம் பக்கம் பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்ப்பவள். ஆறு மணிக்கு வேன் வந்துவிடும்.

மறுநாள் விடிகாலை இருவரும் மோட்டார் ரூம் பின்னால் ஒளிந்துகொண்டார்கள். கையில் பையோடு ஷெரின் குட்டைச்சுவரைத் தாண்டி வந்து, வேலிக்குள் கைவிட்டாள். அகப்பட்டுக்கொண்டாள்.

"ஏம்மா, சர்ச்சுக்குப் பூ வேணும்னா வாயைத் திறந்து கேட்கப்படாதோ?" என்றாள் பத்மாசனி.

ஷெரின் பையை விரித்துக் காட்டினாள். வாடிய பூ, மண் ஒட்டிய இலை, கசங்கிய மொட்டு. மாலைக்கு ஆகிற பூ ஒன்றுகூட இல்லை.

"இதெல்லாம் குப்பைக்குத்தான் போகுது மாமி. எங்க ஊரு செட்டியார்பட்டில அரளித் தழைய மேஞ்சு ரெண்டு ஆடு செத்துப்போச்சு. உங்க ஆமை கீழ விழுந்த பூவத் தேடித் தேடில்லா திங்குது? அதான் உதிருறதுக்கு முன்னாடியே பூ, மொட்டு, அதுக்கு எட்டுற தழை அம்புட்டையும் எடுத்துருதேன்."

ஹயக்ரீவன் உடனே கால்நடை டாக்டர் சிவபாண்டிக்குப் போன் போட்டார்.

"அரளியா? நந்தியாவட்டையும் ஆகாது சார். ரெண்டையும் வேரோட பிடுங்குங்க, வாரேன்."

மூன்று பேரும் சேர்ந்து பிடுங்கினார்கள். வாசலில் வேன் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. ஷெரின் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

டாக்டர் வந்து கூர்மாவைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். ஷெரின் தன் வீட்டிலிருந்து ஒரு செம்பருத்திப் பூ கொண்டுவந்து அதன் முன்னால் வைத்தாள். கூர்மா செத்த நேரம் யோசித்தது. பிறகு கழுத்தை நீட்டி ஒரே கவ்வாகக் கவ்வித் தின்றது.

"ஒண்ணும் இல்ல சார், நல்லாத்தான் இருக்கு. இனிமே செம்பருத்தி, அருகம்புல், சப்பாத்திக்கள்ளி வைங்க."

ஹயக்ரீவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பத்மாசனி அழுதுகொண்டே சிரித்தாள். மண் ஒட்டிய ஷெரினின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தெருப் பூரா உன்னைத் திருடின்னேனேடி! உன் காதிலயும் விழுந்திருக்குமே. மொத நாளே சொல்லப்படாதோ?"

ஷெரின் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

"உங்க சாமிக்கு வைக்கிற பூவ, சிலுவை போட்ட நான் வந்து விஷம்னு சொன்னா தெரு எப்படி எடுத்துக்கிடும் மாமி? திருடின்னா அந்தப் பேரு என்னோட போயிரும்னு இருந்துட்டேன்."