புது லொறியில் பழைய சாக்கு

"புது லொறிக்கு யாருடா கோவணம் கட்டினது?"

தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு முத்துலிங்கம் போட்ட சத்தத்தில், காலையில் ஆள் பிரித்து வேலைக்கு அனுப்பும் பெரட்டுக்களமே அடங்கிப்போனது.

முந்தாநாள்தான் அந்த லொறி அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்திருந்தது. ஐம்பத்தாறாம் வருஷத்துப் புது மாதிரி. பின்னால் இரட்டைச் சக்கரம். கைப்பிடியைச் சுற்றினால் ஏறி இறங்கும் கண்ணாடி. கொண்டுவந்து விட்ட கொழும்பு ஆள் பின்பக்கத் தளத்தைக் கையால் அறைந்து காட்டினான்.

"பழைய லொறியில பலகை. மழைத்தண்ணி பட்டா உளுத்துப்போகும். இது பூரா இரும்புத் தகடு. யானை ஏறினாலும் நெளியாது!"

பெரிய துரை தலையாட்டினார். முத்துலிங்கமும் மேலே ஏறி, சப்பாத்துக் காலால் ஓங்கி மிதித்துப் பார்த்துவிட்டு, "கோட்டை மாதிரி இருக்குங்க" என்றார்.

அந்தக் கோட்டையில்தான் இப்போது அழுக்குச் சாக்குகள் விரிந்து கிடந்தன.

டிரைவர் அழகன் முன்னால் வந்தான். "நான்தாங்க விரிச்சேன்."

"எதுக்கு? ராவுல படுத்துக்கவா?"

"இல்லீங்க. காலையில பொம்பளைங்க ஏறும்போது..."

"பொம்பளைங்களா!" முத்துலிங்கம் சுற்றியிருந்தவர்களைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "அப்படிப் போகுதா கதை? மெத்தை யாருக்குடா, வீரம்மாவுக்கா?"

ஆண்கள் சிலர் சிரித்தார்கள். தூரத்து மலைக்குக் கொழுந்தெடுக்கப் போவதற்காகக் கூடையோடு நின்ற வீரம்மா, தலையில் போட்டிருந்த கம்பளியை முகம்வரை இழுத்துக்கொண்டாள்.

அழகன் வாயை மூடிக்கொண்டான். இன்னும் ஒரு வார்த்தை பேசினால் அவள் பெயர்தான் நாறும்.

"நாளைக்குக் காலையில லொறிக்குப் பூசை. துரை வர்றாரு. இந்தச் சாக்கு மறுபடி என் கண்ணுல பட்டுச்சு, பத்துச்சீட்டைக் கையில குடுத்து அனுப்பிருவேன். புள்ளகுட்டியோட லயத்தைக் காலிபண்ணிட்டு நடையைக் கட்ட வேண்டியதுதான்."

அழகன் சாக்குகளைச் சுருட்டி எடுத்தான்.

பெண்கள் ஏறினார்கள். ஏறியதும் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு மறுகாலில் நின்றார்கள். பிறகு கால் மாற்றினார்கள். லொறிக்குள் கூடைகள் மேலும் கீழும் குதித்தன.

"புது லொறி கெடைச்ச சந்தோசத்துல கும்மியடிக்கிறாளுக பாரு!" என்றார் முத்துலிங்கம்.

வாய்க்குப் பேர்போன பேச்சியம்மா சும்மா இருப்பாளா? "ஆமாங்கய்யா, நீங்களும் ஏறி வந்து ஒரு சுத்து ஆடுங்களேன்!"

லொறி நகர்ந்தது.

மறுநாள் விடியும்போது தைப்பனி புல்லில் உப்பாக உறைந்திருந்தது. லொறிக்குச் சந்தனம், குங்குமம், மாலை. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். துரை ஒரு பக்கம் நின்றார். வேலைக்குக் கிளம்பி வந்த பெண்கள் மறுபக்கம் வரிசையாக நின்றார்கள்.

"தோட்டத்து சார்பா கண்டாக்கையாதான் மேல ஏறிச் சூடத்தட்டைப் புடிக்கணும்" என்றார் மூக்கன் பூசாரி. "சப்பாத்தைக் கழட்டிருங்க சாமி."

முத்துலிங்கத்துக்குப் பெருமை பிடிபடவில்லை. சப்பாத்தைக் கழற்றினார். முழங்கால்வரை இழுத்துவிட்டிருந்த காலுறையையும் கழற்றினார். ஏறினார்.

வைத்த காலை, தணலை மிதித்தவர்போல் வெடுக்கென்று எடுத்தார்.

இராத்திரி முழுக்கப் பனி குடித்த இரும்பு. குளிர் உள்ளங்காலில் ஏறி, எலும்பைக் கவ்விப் பல்வரைக்கும் வந்தது. தட்டில் சூடம் எரிந்துகொண்டிருந்தது. கீழே இறங்க முடியாது.

மூக்கன் ஒவ்வொரு சாமியாகப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினார். ரோதைமுனி, கவ்வாத்துச்சாமி, மாடசாமி... தோட்டத்தில் சாமிகளுக்கா பஞ்சம்?

முத்துலிங்கம் ஒரு காலைத் தூக்கி மறுகாலில் நின்றார். பிறகு கால் மாற்றினார்.

துரை சிரித்தார். "என்னா கண்டாக்கு, டான்ஸா?"

ஆண்களும் சிரித்தார்கள். பெண்கள் வரிசையில் மட்டும் சிரிப்பு இல்லை. பேச்சியம்மாகூட வாயைத் திறக்கவில்லை. தன் காலையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

முத்துலிங்கத்தின் பார்வையும் அங்கே போனது. கம்பளிகளுக்குக் கீழே வரிசையாக வெறுங்கால்கள். வெடித்தவை, சேறு காய்ந்தவை, அட்டை கடித்துப் புண்ணானவை. இத்தனை வருஷமாக அந்தப் பெண்களின் கூடையைத்தான் அவர் எட்டிப் பார்த்திருக்கிறார்.

காலடியில் என்னவோ உரசியது.

நாலாக மடித்த ஒரு சாக்கு, பின்பக்கத்திலிருந்து மெல்ல நகர்ந்து வந்து நின்றது. அதைத் தள்ளிவிட்ட அழகன் வேறெங்கோ பார்த்தபடி, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்:

"கண்ணுல பட்டா பத்துச்சீட்டுன்னு சொன்னீங்க. இன்னிக்கு மட்டும் பாக்காத மாதிரி ஏறி நின்னுக்கங்கய்யா. பூசை முடிஞ்சதும் எடுத்துர்றேன்."

வேண்டாம் என்று சொல்லத்தான் முத்துலிங்கம் வாயெடுத்தார். அதற்குள் கால் தானாகச் சாக்கின் மேல் ஏறிவிட்டது.

தீபாராதனை முடியும்வரை அவர் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

கண்டாக்குக்கு இவ்வளவு பக்தி இருக்கிறதா என்று துரை ஆச்சரியப்பட்டார்.