சிவப்புத் தொப்பி

நான் ஜெரோன், வயசு இருவத்திரெண்டு, மலேசியாவுல லங்காவித் தீவுல படகு விடுற எடத்துல வேலை செய்யுறேன். நாளைக்குக் காலையில நாப்பது ஸ்கூல் பிள்ளைங்க துடுப்புப் படகு ஓட்ட வர்றாங்க. யாராவது தண்ணியில விழுந்தா குதிச்சுத் தூக்குறது யாருன்னு திட்டத் தாள்ல ஒரு கட்டம் காலியா இருந்துச்சு. மேனேஜர் குணாளன் அண்ணன் என் பேரை எழுதிட்டாரு. "மீன்காரர் மவன், உனக்கு என்ன லா கவலை!"ன்னு சிரிச்சுட்டு, சிவப்புத் தொப்பியைத் தலையில மாட்டி விட்டாரு. அந்தத் தொப்பியப் பார்த்துத்தான் பிள்ளைங்க கைய ஆட்டணுமாம்.

படிப்பு கெட்டுரும்னு அப்பா என்னைக் கடல்ல எறங்கவே விட்டதில்ல. அதைச் சொல்ல மூணு தடவ குணாளன் அண்ணன் ரூமுக்குப் போனேன். மூணு தடவையும் தொப்பியைச் சரி பண்ணி அனுப்பிட்டாரு.

இத முதல்ல யாரு படிச்சாலும், நாளைக்குக் காலையில இங்கத்த மணி ஏழுக்குள்ள அவருக்குப் போன் போட்டு, எனக்கு நீச்சல் தெரியாதுன்னு சொல்லிருங்க.