ஒருமனதாக ஒரு பெண்

மகாஜனங்களே, இது சரித்திரம். மகளிர் ஆண்டாகிய 1975இல், மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு மீனவர் குப்பத்தில், பெண்ணுக்கு ஆணோடு சரிசமமான இடம் வழங்கப்பட்டது.

வழங்கக் கூடியிருந்தவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். பெண்கள் மீன்கூடையோடு பஸ்ஸுக்குப் போயிருந்தார்கள். கூட்டம் போட அதுதான் தோதான நேரம்.

செங்கல்பட்டிலிருந்து வந்த தரும சங்கத்துச் செயலாளர் ஸ்ரீனிவாசராகவன், கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அறிவித்தார்: குப்பத்துச் சுகாதார ஊழியர் இனிமேல் பெண்தான். பெண் கிடைக்காவிட்டால் மருந்துப் பெட்டி வேறு ஊருக்குப் போய்விடும்.

இரண்டு வருஷமாகப் பெட்டி நீலமேகத்திடம்தான் இருந்தது. டிங்சரும் தலைவலி மாத்திரையும் அவனை 'டாக்டரு' ஆக்கியிருந்தன. பெட்டி போனால் மறுபடியும் கட்டுமரம். மறுபடியும் வெறும் நீலமேகம்.

பஸ்ஸுக்குப் பிந்தி வந்த ஆராயி, தலைக்கூடையை இறக்காமலே குறுக்கே புகுந்தாள்.

"என்னிய போடு சாமி. இந்தக் குப்பத்துல பாதிப் புள்ளைங்க என் கையிலதான் வுழுந்துது."

சொல்லும்போதே நீலமேகத்தை முறைத்தாள். டாக்டர் வீட்டில் மருத்துவச்சிக்கு என்ன வேலை என்று, போன மாசியில் அவன் அவளை வாசலோடு விரட்டியடித்திருந்தான்.

"மீன் நாறுது, போம்மே!" என்றான் இருசப்பன். "இன்னிக்குப் பெட்டி குடுத்தா நாளிக்கு எங் கட்டுமரத்த கேப்பே."

எல்லாரும் சிரித்தார்கள். பஸ் ஹாரன் அடித்தது. ஆராயி மணலில் காறித் துப்பிவிட்டு ஓடினாள். சமவுரிமை வரும்வரை மீன் அழுகாமல் இருக்குமா?

பிறகு ஆண்களுக்குள் அடிதடி. எவன் பெண்டாட்டியும் பெட்டி தூக்கிக்கொண்டு வெளியே போகக்கூடாது. அடுத்தவன் பெண்டாட்டி வந்து தன் வீட்டில் நியாயம் பேசவும் கூடாது. இதில் மட்டும் குப்பம் ஒற்றுமையாக இருந்தது.

செயலாளர் சலித்துப்போய்ப் பெட்டியைத் தூக்கினார்.

நீலமேகம் எழுந்தான். "எம் பொண்டாட்டிய போட்டுக்க சார். தெய்வநாயகி."

எல்லாத் தலையும் அவன் பக்கம் திரும்பியது.

"எதிர்த்துப் பேசற டைப்பா?" என்றார் செயலாளர்.

"வாயே தொறக்கமாட்டா சார்."

"வீடு வீடாப் போவாளோன்னோ?"

"அவ வூட்ட வுட்டு எங்கியும் வரமாட்டா சார். அவளுக்குப் பதிலா நான் போறேன்."

செயலாளரின் முகம் மலர்ந்தது. "பேஷ்! எவ்வளவு அடக்கம்! இப்படி ஒருத்தியைத்தான் தேடிண்டிருந்தோம்."

இருசப்பன் முதலில் கை தூக்கினான். பிறகு ஒவ்வொரு கையாக எழுந்தது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

பெட்டி நீலமேகத்தின் மடிக்கே திரும்பியது. செயலாளர் கை தட்டினார்.

தெய்வநாயகி போன மாசியிலேயே, வயிற்றுப் பிள்ளை வெளியே வராமல், செத்துப்போய்விட்டாள்.