வந்த முகமே வந்தால்

கடை திறந்து ஏழாவது நாளும் முதலியார்பேட்டை சக்கரபாணியின் தந்தூரி டீக்கடைக் கியூ தெருமுனையைத் தாண்டி நின்றது. கடலூர் பஸ் டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்தார்; பிறகு வண்டியை அணைத்துவிட்டு, இறங்கி, தமக்கும் ஒரு டீ சொன்னார்.

சக்கரபாணியோ காதில் போனை வைத்துக்கொண்டு அடுப்புக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தார். அந்தப் பக்கம் சேதராப்பட்டு கம்பெனி சூப்பர்வைசர் ராமலிங்கம்.

"யோவ், இன்னிக்குப் பத்து மணிக்குள்ள வந்து கையெழுத்துப் போடறியா, இல்ல வேற ஆளப் போட்டுடட்டா? பர்மனென்ட் வேலைய்யா!"

மில் மூடியதிலிருந்து மூன்று வருடம் அலைந்து கேட்ட வேலை. போனைப் பொத்திக்கொண்டு மனைவியைப் பார்த்தார்.

"சங்கரி, இன்னா சொல்றது? இந்தக் கூட்டம் நிக்குமா, நாலு நாள் கூத்தா?"

சிவசங்கரி குவளை கழுவுவதை நிறுத்தவில்லை. "தெனம் புதுப்புது மூஞ்சியா வந்தா வேடிக்க பாக்க வந்த கூட்டம். வந்த மூஞ்சியே திரும்பத் திரும்ப வந்தா அதாங்க வாடிக்க. நீங்களே எட்டிப் பாருங்க."

எட்டிப் பார்த்தார். முதல் நாள் நின்ற சோடாபுட்டிக் கண்ணாடி, நீல ஹெல்மெட், குடைக்கார அம்மா... ஒரு முகம்கூட மாறவில்லை!

என்ன பிரியம் அவர்களுக்கு! பழுக்கக் காய்ச்சிய மண்குவளையில் டீயை ஊற்றி அது சீறிப் பொங்கும்போது, மூலவருக்குக் காட்டுகிற தீபாராதனையைப் போலப் பார்ப்பார்கள். குவளை எங்கே வாங்கியது, அடுப்பில் எத்தனை நிமிஷம், மசாலா எவ்வளவு என்று அக்கறையாக விசாரிப்பார்கள். அந்தப் பரவசத்தில் பாதி டீயைக் குடிக்கவே மறந்துவிடுவார்கள்.

சக்கரபாணி போனைத் திரும்பக் காதில் வைத்தார். "வேற ஆளப் போட்டுக்குங்க சார். நம்ம ஜனங்கள உட்டுட்டு வர முடியாது."

"அப்புறம் வந்து நிக்காத," என்று ராமலிங்கம் போனை வைத்தார்.

சக்கரபாணி கண்கலங்கக் கியூவின் முன்னால் வந்தார். "நாளைக்கு முகூர்த்த நாளு. உங்களுக்காக வெடிகாலையிலயே கடையத் தொறந்துடறேன். எல்லாரும் வந்துடணும்!"

முதலில் நின்ற நீல ஹெல்மெட் புருஷோத்தமன், பையிலிருந்து மஞ்சள் தடவிய பத்திரிகையை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார்.

"மாஸ்டர், நீங்கதான் வரணும். நாளைக்கு உழவர்கரையில நம்ம தந்தூரி டீக்கடை தொறக்கறோம். எல்லாம் உங்ககிட்ட கத்துக்கிட்டதுதான்."

சக்கரபாணிக்குச் சுருக்கென்றது. சரி, ஒரு கடைதானே, அதுவும் ஊருக்கு அந்தப் பக்கம், உழவர்கரையில். போகட்டும் என்று பத்திரிகையை வாங்கிக்கொண்டார்.

கியூவின் நடுவிலிருந்து ஒரு குரல் அவசரப்பட்டது.

"குடுத்துட்டா நகருங்க சார், நாங்கல்லாம் மாஸ்டருக்குப் பத்திரிகை வைக்க வேணாமா?"