ரயில் வீட்டுப் புண்ணியவதி

"ரெண்டாங் கல்யாணமா? ரயிலு சவரி வூட்டுலயா? சாமி, நீங்க தெரிஞ்சிதான் பேசறீங்களா?"

சிங்கராயர் போட்ட சத்தம் ஆரணி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும். பங்குச் சாமியார் கையிலிருந்த காபி தம்ளர் ஆடியது. உள்ளே தறிக்குப் பட்டு நூல் தார் சுற்றிக்கொண்டிருந்த மருமகள் அமலோற்பவத்தின் ராட்டை நின்றது. பட்டு இழை அறுந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

அவள் புருஷன் லாரியில் அடிபட்டுச் செத்து மூன்று வருஷம் ஆகிறது. பிள்ளை குட்டி இல்லை. பட்டுக்குச் சாயம் போடும் ஏசுதாஸ் அவளைக் கட்டிக்கொள்கிறேன் என்கிறான். அவளுக்கும் ஆசைதான், கொள்ளை ஆசை. மாமனார் தலையாட்டினால் வருகிற ஞாயிறே கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்துவிடலாம். அவரை மீறிப் போகவும் போகலாம். ஆனால் அப்புறம் மாமியார் இன்னாசியம்மாளின் முகத்தில் முழிக்க முடியாது. பெற்ற தாய் மாதிரி பார்த்துக்கொண்டவளை விட்டுவிட்டு எப்படிப் போவது?

"ஐயா, இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டு. காலம் மாறிடுச்சு. திருச்சபையே ஒத்துக்குது" என்றார் சாமியார்.

"சபை ஒத்துக்கும் சாமி. எங்க ஆயா ஒத்துக்குவாங்களா?"

போச்சுடா, ஞானப்பூ ஆயா வந்தாச்சு என்று அமலோற்பவம் தலையில் கை வைத்துக்கொண்டாள். செத்து எண்பது வருஷம் ஆகியும், மாமனாரின் பாட்டியான அந்தப் புண்ணியவதி இந்த வீட்டை விட்டுப் போன பாடில்லை. குழம்பில் உப்புக் கூடினாலும் ஆயா கதை, மருமகள் முகத்துக்குப் பவுடர் போட்டாலும் ஆயா கதை.

சிங்கராயர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார்.

"நூறு வருசம் முந்தி, தாது வருசப் பஞ்சத்துல புருஷன் போய்ட்டாரு சாமி. அப்போ ஆயாவுக்கு வயசு பதினெட்டு. அன்னிக்குக் கட்டுன வெள்ளைச் சேலை! அப்புறம் ஒரு ஆம்பளையை நிமிந்து பாத்ததில்ல. விடிஞ்சா பூசை, பொழுது சாஞ்சா செபமாலை. பெரிய வெள்ளிக்கிழமை அன்னிக்கு, சிலுவைப்பாதை சொல்லிகினு இருக்கறப்பவே, முட்டி போட்ட வாக்குல உசுரு போச்சு. கையில இருந்த செபமாலையை நாலு பேரு சேந்து இழுத்தும் வரல. அப்படியே பொதைச்சாங்க."

போன வருஷம் சொன்னபோது இழுத்தவர்கள் இரண்டு பேர்தான். அமலோற்பவத்துக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது.

"அவங்க கதையை பிஷப்புக்கு எழுதுங்க, புனிதர் பட்டத்துக்குக் கேளுங்கன்னு நான் சொல்லிகினு இருக்கேன். நீங்க இன்னாடான்னா அவங்க வூட்டுக்கே ரெண்டாம் மாப்பிள்ளையைக் கொண்டாறீங்க!"

"அதையும் எழுதத்தான் வந்தேன்." சாமியார் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "ஆயாவுக்கு எத்தினி பிள்ளைங்க?"

சிங்கராயருக்குக் கோபமெல்லாம் பறந்துபோய் முகம் மலர்ந்துவிட்டது.

"ஒரே புள்ள, எங்கப்பா! பக்கத்துல இருக்கற களம்பூருக்கு மொத மொத ரயிலு வந்து நின்னுச்சே, அன்னிக்குத்தான் பொறந்தாரு. ஊரே ரயிலைப் பாக்க ஓடிப்போச்சு, பிரசவம் பாக்கக்கூட ஆளில்ல. ஆயா ஒண்டியா பெத்தெடுத்தாங்க. அதான் அவருக்கு ரயிலு சவரின்னு பேரு. இன்னிக்கும் கேட்டுப் பாருங்க, ரயிலு வூடுன்னாதான் ஆரணியில தெரியும்."

மூலையில் செபமாலை உருட்டிக்கொண்டிருந்த இன்னாசியம்மாள் இந்தக் கதைகளைக் கல்யாணமான நாளிலிருந்து கேட்டு வருகிறாள். ஒரு தடவைகூட வாயைத் திறந்ததில்லை. இன்று, நின்றுபோன ராட்டையைப் பார்த்தாள். அதன் பக்கத்தில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த மருமகளைப் பார்த்தாள். "ஆமென்" என்று முடித்து, மாலையை மடியில் வைத்தாள்.

"ஏங்க, எனக்கு ஒரு சந்தேகம்."

"செபம் பண்றப்போ இன்னாடி சந்தேகம்? கம்முனு இரு."

"நான் பொறந்ததும் களம்பூருதானே? பஞ்சம் போயி பத்துப் பன்னெண்டு வருசம் கழிச்சித்தான் ரயிலே வந்துச்சின்னு எங்கப்பா சொல்லுவாரு. பஞ்சத்துலயே செத்துப்போன உங்க தாத்தாவுக்கு, ரயிலு வந்த அன்னிக்கு எப்படிங்க புள்ள பொறந்துச்சி?"

சிங்கராயர் விரலை மடக்கி ஏதோ கணக்குப் பார்த்தார். கணக்கு எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் உதைத்தது.

"பிஷப்புக்கு நான் எப்படி எழுதட்டும் ஐயா?" சாமியார் குனிந்த தலை நிமிராமல் கேட்டார்.

சிங்கராயர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எழுதுங்க சாமி, எங்க ஆயா ரெண்டாங் கல்யாணம் பண்ணிக்கினவங்கன்னு! எங்க வம்சத்துல அது பரம்பரை வழக்கம்... ஏம்மா அமலோற்பவம், அந்த ஏசுதாஸை ஜல்தியா வரச்சொல்லும்மா!"