எத்தனை கிலோமீட்டர்?

'யார் மேல் பிராது' என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

கொளஞ்சியப்பர் கோயில் கவுண்ட்டரில் பிரபாவுக்குப் பின்னால் பதினோரு பேர். மாடு காணாமல் போனவர், மருமகள் கோபித்துக்கொண்டு போனவர், பங்காளியிடம் வரப்பைப் பறிகொடுத்தவர். எல்லோரும் சாமிக்கு மனு எழுத வந்தவர்கள். எழுதிச் சுருட்டி, முனியப்பர் சந்நிதி வேலில் நூலால் கட்டிவிட்டால் தொண்ணூறு நாளில் தீர்ப்பு. வக்கீல் கிடையாது, வாய்தா கிடையாது.

பிரபாவின் வழக்கு சின்னது. எம்.எஸ்சி. வேதியியல், கடைசி செமஸ்டர். பீங்கானுக்குப் பூசும் மெருகு பற்றி ப்ராஜெக்ட். ஆறு மாத அளவுகளை எழுதி வைத்த நோட்டு காணவில்லை.

அவள் எழுதுவதைத் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள் தமிழ்மணி. ஹாஸ்டலில் ஒரே அறை.

அதுதான் பிரபாவுக்கு உறுத்தியது. இவள் எதற்கு வந்தாள்?

வந்தது மட்டுமா? பஸ்ஸில் டிக்கெட் இவள் எடுத்தாள். இறங்கியதும் கேட்காமலேயே டீ வாங்கிக் கையில் திணித்தாள். ஷாம்பு பாக்கெட்டையே பாதி பிழிந்துவிட்டு மீதியை மடித்து வைத்துக்கொள்கிறவள்!

பிரபா கடைவீதியில் கப்பும் சாஸரும் விற்கிற வீட்டுப் பெண். அப்பா தேவநாதன் பேரத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர். "வாங்க வந்தவன் கேக்கறதுக்கு முன்னாடி ஒருத்தன் வெலயக் கொறைக்கிறான்னா, அந்தக் கப்பத் தட்டிப் பாரு" என்பார். நல்ல கப் கிணுகிணுக்கும். விரிசல் விட்டது 'டொக்' என்று சொல்லிவிடும்.

மூன்று வாரமாகத் தமிழ்மணியைத் தட்டித் தட்டித்தான் பார்த்துக்கொண்டிருந்தாள் பிரபா.

நோட்டு காணாமல் போன அன்று அந்த மாடியே கட்டிலைப் புரட்டித் தேடியது. தமிழ்மணி மட்டும் தேடவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பிரபாவின் துப்பட்டாவை அவளாகவே துவைத்துக் கொடியில் போட்டாள். ஏன் என்றால், "வாடை அடிச்சுதுடி" என்றாள்.

அடுத்தவள் துணியை இந்த ஹாஸ்டலில் யார் துவைத்திருக்கிறார்கள்?

திங்கட்கிழமை வைவா. நோட்டு இல்லாவிட்டால் வைவா இல்லை. வைவா இல்லாவிட்டால் ஒரு வருஷம் அம்போ. கைடு அம்புஜவல்லி மேடம் உள்ளூர்க்காரர், லேசில் எதையும் நம்பாதவர். "கொளஞ்சியப்பர்கிட்ட பிராது கட்டிட்டு ரசீதக் கொண்டா. ஒரு மாசம் டைம் வாங்கித் தரேன்" என்றுவிட்டார். கோர்ட்டில் கூசாமல் பொய் சொல்கிறவனும் அந்தக் கவுண்ட்டரில் பொய் எழுத மாட்டான் என்பது இந்தப் பக்கத்துக் கணக்கு.

நாளைக்கு, நாளன்னைக்கு என்று பிரபா இழுத்தாள். தமிழ்மணிதான் விடவில்லை. இன்று காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றுவிட்டாள்.

"வாடி, கட்டிட்டு வந்துருவோம். எவளா இருந்தாலும் தானா வந்து நிப்பா."

அந்தத் துணிச்சல்தான் பிரபாவுக்கு இடித்தது. இவளுக்கு என்னமோ தெரியும்.

"ஏம்மா, பின்னால ஆளு நிக்கிறாங்க இல்ல? யாரு மேல பிராது?" என்றார் கவுண்ட்டரில் இருந்த விருத்தகிரி.

தமிழ்மணி என்று எழுதிவிடலாம். ஊர் கருவேப்பிலங்குறிச்சி. ரசீது வரும், ஒரு மாதம் வரும். அப்புறம் இவள் வாயைத் திறந்தால்தான் என்ன, குற்றவாளி பேச்சை யார் கேட்பார்கள்?

எழுதத்தான் நினைத்தாள். கை ஓடவில்லை.

அந்த நோட்டில், மெருகு பூசிச் சூளையில் சுட்டுப் பார்த்த தொண்ணூறு பீங்கான் வில்லைகளின் அளவு இருந்திருக்க வேண்டும். இருந்தது முப்பத்திரண்டு. முப்பத்து மூன்றாவதும் மெருகு வெடித்து வெளியே வந்த அன்று, வில்லை சுட்டுக் கொடுக்கும் பீங்கான் பட்டறைக்காரர் டீ குடிக்கப் போயிருந்த நேரம் பார்த்து, நோட்டைச் சூளையின் தீவாய்க்குள் தள்ளியது பிரபாவின் கைதான். அட்டை சுருண்டு கறுக்கும்வரை அங்கேயே நின்றாள்.

துப்பட்டா முழுக்கப் புகை ஏறியதை அவள் கவனிக்கவில்லை.

"சரி, பேரு அப்புறம் எழுது. எந்த ஊரு ஆளு? கோயில்லேருந்து எத்தினி கிலோமீட்டரு? தூரத்துக்குத் தக்கனதான் கட்டணம்."

பிரபா வாயைத் திறப்பதற்குள் தோளுக்குப் பின்னாலிருந்து பதில் போனது.

"தூரமெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. இங்கியேதான் நிக்குறா."

விருத்தகிரி கண்ணாடிக்கு மேலாக இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

பிரபா திரும்பவில்லை. மனுதாரர் என்று மேலே எழுதியிருந்த பேரையே கீழேயும் எழுதினாள்.

விருத்தகிரி மேலே படித்தார். கீழே படித்தார். இந்த நாற்காலியில் உட்கார்ந்து எத்தனையோ வினோதத்தைப் பார்த்தவர்போல, கிலோமீட்டர் என்ற கட்டத்தில் ஒரு சுழி போட்டு ரசீதைக் கிழித்து நீட்டினார்.

வாங்கி மடித்தவள் தமிழ்மணி.

"மேடத்துகிட்ட காட்டறதுக்கு முன்னாடி ஒரு டீ குடிக்கலாமாடி?"

இந்தத் தடவை கேட்டாள்.