அடித்தவன் எண்ண வேண்டும்

விழுந்த அழகர்சாமியின் முதுகு தார்ப்பாயைத் தொடுவதற்குள் கிளமென்ட் கயிற்றைத் தாண்டிக் குத்துச்சண்டை ரிங்குக்குள் குதித்துவிட்டான். விழுந்தவன் தலையைத் தூக்கி மடியில் வைத்தான். இமையைப் பிரித்துப் பார்த்தான்.

"ஒண்ணுமில்ல மாஸ்டர், கால் வழுக்கிருச்சு," என்றான் அழகர்சாமி. மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற ஆள். நாலு பேர் பார்க்க ஒரு ஆம்பிளை மடியில் கிடப்பது அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

"பேசாம படு. மூச்சை இழுத்து விடு. இன்னிக்கு உனக்குப் போதும்."

"பாலைக் குடுங்க மாஸ்டர், ஏப்பம் விட்டுத் தூங்கிருவான்," என்றான் அவனை அடித்து வீழ்த்திய மதுரைவீரன். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

வாசலில் நின்ற இன்னாசிராஜ் சிரிக்கவில்லை. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். அற்புதசாமி மாஸ்டரிடம் பதினெட்டு வருஷம் அடி வாங்கிப் பழகியவர். மன்னார்புரத்தில் இந்தக் கொட்டகையை மாஸ்டர் எழுப்பியபோது தகரம் சுமந்த தோள் அவருடையது.

எழுபத்தொன்பதாம் வருஷத் தவக்காலத்தில் மாஸ்டர் போய்விட்டார். காலைப் பயிற்சி முடித்துக் கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் வீட்டில் வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லையாம். மாரடைப்பு. கிளப் சாவி மகன் கிளமென்ட்டின் இடுப்புக்கு வந்தது. இந்த நாலு வருஷத்தில் கிளப் தேய்ந்து கட்டெறும்பாகிவிட்டது.

இன்னாசிராஜ் இன்று வந்திருப்பது அந்தச் சாவிக்காக.

"லால்குடி மேட்சுல நம்ம பசங்க மூணு பேர் இறங்கினாங்க. முதல் அடி விழுந்ததும் மூணு பேருக்கும் நீயே துண்டைத் தூக்கிப் போட்டுத் தோத்தோம்னுட்டே. வெளியில நம்ம கிளப்புக்கு என்ன பேரு தெரியுமா? பிரசவ வார்டு."

கிளமென்ட் அழகர்சாமியின் கிளவுஸ் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தான். "சொல்லிட்டுப் போகட்டும்ண்ணே."

"மிச்சம் இருக்கறதே எட்டுப் பேரு. அவங்களும் வேற கிளப்புக்குப் போறேங்கறாங்க. உங்கப்பா சட்டப்படி நடத்துறதுன்னா நடத்து. இல்ல, சாவியை எங்கிட்ட குடு."

அப்பா சட்டம் அங்கே எல்லோருக்கும் மனப்பாடம். முன்பு சுவரிலேயே எழுதியிருந்தது. கிளமென்ட் அதன்மேல் சுண்ணாம்பு அடித்துவிட்டான். அடித்தவன்தான் எண்ண வேண்டும். மூலைக்குப் போய் நின்று ஒன்றிலிருந்து பத்து வரை. பத்து சொல்லும்வரை அவன் மூலையை விட்டு நகரக் கூடாது. விழுந்தவனை யாரும் தொடக் கூடாது.

இன்னாசிராஜ் பெஞ்சுப் பக்கம் திரும்பினார்.

"மாஸ்டரே எங்ககூட இறங்குவாருடா. சில நாள் வேணும்னே விழுவாரு. கண்ணை மூடிக்கிட்டுப் பொணமாட்டம் கிடப்பாரு. நாங்க எண்ணுவோம். ஏழும்போம், எட்டும்போம், அசைய மாட்டாரு. ஒம்போதுன்னதும் துள்ளி எந்திரிச்சு விடுவாரு பாரு ஒண்ணு. இந்த ரெண்டு பல்லும் அதுல போனதுதான்." வாயைத் திறந்து காட்டினார். "அந்த மனுஷன் பத்தைக் கேட்டதே கிடையாது."

பெஞ்சு மறுபடி சிரித்தது. கிளமென்ட்டின் விரல்களுக்கு முடிச்சு பிடிபடவில்லை.

"மதுரைவீரா, மூலைக்குப் போ. அழகர்சாமி, நீ அப்படியே கிட. எண்ணுடா, நான் சொல்றேன்," என்றார் இன்னாசிராஜ்.

மதுரைவீரன் கிளமென்ட்டை ஒருமுறை பார்த்தான். பிறகு மூலைக்குப் போய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டான். "ஒண்ணு. ரெண்டு. மூணு."

நாலு வரவில்லை. கிளமென்ட் பாய்ந்து அவன் வாயைப் பொத்திக் கயிற்றோடு சேர்த்து அழுத்தியிருந்தான். அப்பாவைக் குழியில் இறக்கியபோதுகூட அழாதவன். இப்போது, "வேணாம்டா," என்று கெஞ்சினான்.

"எல்லாரும் போய் டீ குடிச்சிட்டு வாங்கடா," என்றார் இன்னாசிராஜ்.

அவர்கள் போனதும் கயிற்றுக்குள் நுழைந்து அவன் எதிரில் நின்றார். "அவ்வளவு பயமாடா உனக்கு? அப்படிப்பட்ட உங்கப்பா பேரை ஏன்டா இப்படி நாறடிக்கறே?"

கிளமென்ட் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து நீட்டினான். "வச்சுக்குங்கண்ணே. உங்க இஷ்டப்படி நடத்துங்க. எண்ண மட்டும் சொல்லாதீங்க."

"எண்ணினா என்னடா குடி முழுகிப் போகுது?"

"அப்பா எங்க செத்தாருண்ணே?"

"இதென்னடா கேள்வி? வீட்டுல, கட்டில்ல. நீதானே சொன்னே?"

கிளமென்ட் தார்ப்பாயைப் பார்த்தான். "இங்க. அம்மா காலைப் பூசைக்குப் போயிருந்தாங்க. நானும் அவரும் மட்டும்தான். அப்புறம்தான் கட்டிலுக்குத் தூக்கிட்டுப் போனேன்."

சாவியை வாங்க வந்த இன்னாசிராஜின் கை பாதியில் நின்றது.

"என் குத்து லேசாத்தான் பட்டுச்சு. விழுந்துட்டாரு. நான் மூலைக்குப் போயிட்டேன்."

"டேய்..."

"ஒம்போதுல எந்திரிச்சிருவாருன்னு, சிரிச்சுக்கிட்டே பத்து வரைக்கும் எண்ணினேன்ண்ணே."